காற்று நின்ற இருபது நிமிடம்

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்த அந்த இரவில் எங்கள் குடும்பம் இரண்டு வீடுகளில் விழித்துக்கொண்டு இருந்தது. ஒன்று ஆயக்காரன்புலம் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீடு. இன்னொன்று சிங்கப்பூரின் ஈசூனில் நான் குடியிருக்கும் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. அங்கே கரண்ட் இல்லை, செய்தி இல்லை, காற்று மட்டும் இருந்தது. இங்கே எல்லாச் செய்தியும் இருந்தது, ஜன்னல் திரைகூட அசையவில்லை.

டெல்டாப் பக்கத்திலிருந்து வந்து சிங்கப்பூரில் வாழும் குடும்பங்களுக்கு நவம்பர் பிறந்தாலே வயிற்றைக் கலக்கும். அந்த நேரத்தில் நாம் செய்வதில் எது ஊருக்கு உதவுகிறது, எது உபத்திரவமாகிறது என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுக் கதையை வைத்து அதைப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கையில் மூன்று சாட்சிகள் இருக்கின்றன. அண்ணன் சொன்னது, என் போனில் இருந்த அழைப்புப் பட்டியல், அண்ணன் மகளின் நோட்டு. நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மூன்றிலும் அதுதான் நம்பகமானது.

வீடும் ஆட்களும்

முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, திண்ணை, கூடம். பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தளம் போட்ட ஒரே ஒரு அறை. தம்பி இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் 2011இல் கட்டியது. அதற்கு வடக்குப் பக்கம் கதவு, தெற்குப் பக்கம் ஜன்னல். இந்தத் திசைகளைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாட்டுக் கொட்டகை. கொல்லையில் 140 தென்னை. 1977 நவம்பர் புயல் பழைய தோப்பை அழித்த பிறகு தாத்தா புதிதாக வைத்த மரங்கள்.

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். 84 வயது அப்பாயி, அம்மா, அண்ணன், அண்ணி, எட்டாவது படிக்கும் அண்ணன் மகள், ஏழு வயதுப் பையன். இரவு ஒன்பது மணிக்கு மேல் பக்கத்துக் கீற்று வீட்டிலிருந்து ஐந்து பேர் மழையில் நனைந்துகொண்டே வந்தார்கள். அந்த ஒரே அறைக்குள் ஆக மொத்தம் பதினொரு பேர்.

மாலையில் நடந்த வாக்குவாதம்

ஊரில் நாலு மணி இருக்கும்போது நான் அண்ணனைக் கூப்பிட்டு, எல்லோரையும் பள்ளிக்கூட முகாமுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். "அப்பாயியைத் தூக்கிக்கிட்டு எங்க போறது பாப்பா? மாட்டை யாரு பாக்குறது?" என்றார். விடாமல் நாற்பது நிமிடம் பேசினேன். அழுதேன், கோபப்பட்டேன். இப்போது யோசித்தால், இருப்பதா போவதா என்ற கேள்வியில் அண்ணன் எடுத்த முடிவு தப்பில்லை. கடல் எங்களுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அலை ஏறி வராது. தளம் போட்ட அறை ஒன்று இருக்கிறது. கடற்கரையை ஒட்டிக் குடியிருந்தால் நான் இப்படி எழுத மாட்டேன். அங்கே இருப்பவர்கள் பொழுது சாயும் முன்பே கிளம்பிவிட வேண்டும்.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் அண்ணன் மாட்டை அவிழ்த்து மேட்டில் விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்களை வெளிச்சம் இருக்கும்போதே கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வந்திருக்கலாம். எதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சரியாக நடந்த ஒரு வேலை அண்ணி செய்தது. ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இட்லிப் பானைக்குள் வைத்து, மூடியைக் கயிறு போட்டுக் கட்டி, தள அறையின் பரணில் ஏற்றிவிட்டார். 2004இல் சுனாமியின்போது கடலோரத்தில் இருந்த அவருடைய பிறந்த வீட்டில் காகிதம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதிலிருந்து வந்த பழக்கம். புயல் முடிந்து நிவாரணக் கணக்கு எடுக்க ஆட்கள் வந்தபோது அந்தப் பானைதான் எங்களைக் காப்பாற்றியது.

நாற்பது அழைப்புகள்

ஊரில் மாலை ஆறு மணிக்கு அண்ணன் போனில் 90 சதவீதம் சார்ஜ் இருந்தது. எட்டு மணிக்குக் கரண்ட் போனது. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைக் கணக்குப் பார்த்திருக்கிறேன். நான் 14 முறை, தம்பி 9 முறை, இங்கே தெம்பனிஸில் இருக்கும் அத்தை 11 முறை, துபாயில் இருக்கும் மாமா மகன் 6 முறை. மொத்தம் நாற்பது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "காத்து எப்படி இருக்கு?" ஒவ்வொருவருக்கும் அண்ணன் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். இரவு 11.20க்குப் போன் அணைந்தது. தீபாவளிக்கு நான் வாங்கி அனுப்பிய பவர் பேங்க் அலமாரியில் இருந்தது. அதில் யாரும் சார்ஜ் ஏற்றியிருக்கவில்லை.

எப்படியும் ஒரு மணிக்கு மேல் டவர் போயிருக்கும், பேச முடிந்திருக்காது. ஆனால் டார்ச் லைட் அந்தப் போனில்தான் இருந்தது. புயல் உச்சத்தில் இருந்தபோது பதினொரு பேருக்கு வெளிச்சம் இல்லாமல் போனதற்கு நாங்கள்தான் காரணம். எங்கள் பாசத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பாசம் அங்கே ஒரு டார்ச்சைத் தின்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்த வாரம் வரவிருந்த கார்த்திகைக்கு அம்மா வாங்கி வைத்திருந்த அகல் விளக்குகள் இருந்தன. அதில் ஒன்றை ஏற்றி அறை மூலையில், குடத்துக்குப் பின்னால் வைத்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் அண்ணன் மகள் எழுதினாள்.

நோட்டு

அது அவளுடைய பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். பயத்தில் கை நடுங்கியதால், ஏதாவது செய்தால் நடுக்கம் நிற்கும் என்று எழுத ஆரம்பித்தாளாம். பள்ளிக்குக் கட்டிப் போகும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்திருக்கிறாள். அவள் எழுதியபடியே தருகிறேன்.

11.20 அப்பா போன் ஆப்.
12.35 ஓடு ஒண்ணு ஒண்ணா போகுது. தட்டு உடையுற மாதிரி கேக்குது.
12.50 கூடத்து ஓடு எல்லாம் போச்சு.
1.05 தம்பி அழறான். காது அடைக்குது.
1.15 கதவு உள்ள தள்ளுது. அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் முதுகு குடுத்து நிக்கிறாங்க.
1.40 காத்து நின்னுடுச்சு. தவளை கத்துது.

இந்தக் கடைசி வரியில் நிறுத்துகிறேன்.

வானிலை மையக் கணக்குப்படி புயல் கரையைக் கடந்தது நள்ளிரவு 12.30க்கும் 2.30க்கும் இடையே. எங்கள் ஊர் அதன் பாதையிலேயே இருந்தது. நம் பக்கப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுகிறவை. கிழக்கிலிருந்து மேற்கே வரும்போது, மையத்துக்கு முன்னால் இருக்கும் ஊருக்கு முதலில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும். மையம் தலைக்கு மேல் வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். சில இடங்களில் நட்சத்திரம்கூடத் தெரியும். மையம் தாண்டியதும் தெற்கிலிருந்து, ஊரில் சோழகம் என்று சொல்லும் காற்று, அதே வேகத்தில் அடிக்கும். இது எனக்குச் செயற்கைக்கோள் படம் பார்த்துத் தெரியும். இரவு பத்து மணிக்கு அண்ணனிடம் சொன்னேன், "கண்ணு கடக்கையில காத்து நிக்கும், வெளிய போயிடாதீங்கண்ணே" என்று. அவர் "சரி சரி" என்றார். இருபது பேர் இருபது விதமாகச் சொல்லும்போது எது காதில் ஏறும்?

அப்பாயிக்கு அது வேறு வழியில் தெரியும். 1952 நவம்பர் 30 புயலின்போது அவருக்கு வயது பதினெட்டு. அன்று காற்று நின்றதும் புயல் முடிந்தது என்று நினைத்து வெளியே போன அவருடைய சித்தப்பா திரும்பி வரவில்லை. அறுபத்தாறு வருடம் கழித்து, தவளைச் சத்தம் கேட்டதும் அந்தக் கிழவி சுவரில் சாய்ந்தபடியே சொன்ன வார்த்தை இது: "வாடை ஓஞ்சிருச்சு. இனி சோழகம் திரும்பும். மூட்டையைத் தெக்க மாத்துங்கடா."

முதல் பாதியில் வடக்குக் கதவுக்குத்தான் ஆபத்து என்று ஆறு நெல் மூட்டைகளைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். தெற்கு ஜன்னல் வெறுமனே கொக்கி போட்டு இருந்தது. அப்பாயி சொன்னதும் பக்கத்து வீட்டு மாமாவும் அம்மாவும் அண்ணியும் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஜன்னலுக்கு அடியில் அடுக்கி, மேலே கட்டிலை நிமிர்த்தி வைத்தார்கள்.

அண்ணன் அந்த வேலையில் இல்லை. அவர் மாட்டை அவிழ்க்க வெளியே போயிருந்தார். கன்றின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம், அவரால் தாங்க முடியவில்லை. போய்க் கயிற்றை அறுத்துவிட்டார். அப்படியே மோட்டார் கொட்டகை நிற்கிறதா என்று பார்க்கத் தோப்புப் பக்கம் நடந்திருக்கிறார். அப்பாயி வாசல்படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்தினார். எழுந்து நிற்கவே இரண்டு ஆள் பிடிக்க வேண்டிய மனுஷி. "எம் பேச்சைக் கேக்காட்டி நானும் வெளியதான் நிப்பேன்" என்றதும் அண்ணன் திரும்பி ஓடி வந்தார். கதவைச் சாத்திச் சில நிமிடம்கூட ஆகவில்லை.

2.00 திரும்ப வருது. வேற பக்கம்.
2.10 தென்னை விழுது. எண்ணுனேன். 31க்கு அப்புறம் எண்ண முடியல.
2.25 ஜன்னல் கொக்கி போச்சு. மூட்டை நிக்குது.
4.30 எல்லாரும் உக்காந்தே தூங்குறாங்க.

மரங்கள் பெரும்பாலும் இரண்டாவது பாதியில்தான் விழுந்தன. முதல் காற்றும் மழையும் வேரடி மண்ணை இளக்கி, மரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்த காற்று வந்ததும் பிடிப்பு விட்டுப் போகிறது. மாட்டுக் கொட்டகையும் அப்போதுதான் போனது. அண்ணன் நின்றிருந்த இடத்தில் ஷீட் துண்டுகள் மண்ணில் குத்தி நின்றன. காலையில் பசு வாய்க்கால் மேட்டில் விலாவில் காயத்தோடு நின்றது. கன்றைக் காணவில்லை. மாட்டை அவிழ்ப்பது மாலை ஆறு மணிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை. அது ஒன்றுக்காக அண்ணன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதாகிவிட்டது.

ஈசூனில்

இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு 12.30 என்றால் இங்கே விடியற்காலை மூன்று. தம்பி விடுதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். தீபாவளி முறுக்கு டப்பா மேசையில் அப்படியே இருந்தது, யாரும் தொடவில்லை. பதினொரு வயது என் மகள் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் சுழலும் வெள்ளைப் படத்தைப் பார்த்து, "நம்ம ஊருக்கு ஏன் அம்மா இது வர்றதில்ல?" என்று கேட்டாள். அவளுக்கு நம்ம ஊர் என்றால் சிங்கப்பூர்.

பூமி சுற்றுவதால்தான் காற்று புயலாகச் சுழல்கிறது, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்தத் திருப்பும் விசை மிகக் குறைவு, நாம் இருப்பது ஏறக்குறைய 1.3 பாகையில் என்று சொன்னேன். அதற்காக வரவே வராது என்றும் சொல்லிவிட முடியாது. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல் நமக்கு வடகிழக்கே அறுபது கிலோமீட்டர் தொலைவில் ஜொகூரில் கரையேறியது. இங்கே நமக்குப் பழக்கமானது சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் சூறைக்காற்றுதான். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அந்த அனுபவத்தை வைத்து ஊர்ப் புயலை அளக்கக் கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரை அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது.

காலை ஐந்து மணிக்கு, மையம் நிலத்துக்குள் போய்விட்டதைப் படத்தில் பார்த்து, முடிந்தது என்று நினைத்தோம். எங்களுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகும் ஊரோடு பேச முடியவில்லை. மதியம் யாரோ ஒரு படத்தை அனுப்பினார்கள். ஓட்டு வீடு ஒன்று குப்புற விழுந்து கிடக்கிறது, பக்கத்தில் தென்னை. தம்பி அது நம் வீடுதான் என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திண்ணைத் தூணைத் தேடிக்கொண்டிருந்தேன். அது வேறொரு பழைய புயலின் படம் என்று பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதை அனுப்பியவர் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. ஆனாலும் தேதி, இடம் தெரியாத ஒரு படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது என்பதை அன்று என் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அண்ணன் போன் அணைந்து முப்பத்தொரு மணி நேரம் கழித்து, சனிக்கிழமை காலை, திருவாரூர் பக்கம் டவர் கிடைக்கும் இடம் வரை போன உறவுக்காரப் பையன் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான். "எல்லாரும் நல்லாருக்காங்க. ஓட்டு வீடு போச்சு. தோப்பு போச்சு. போன் பண்ணாதீங்க, எடுக்காது."

பிறகு

தம்பி அன்றிரவே திருச்சி விமானத்தில் ஏறினான். இங்கே தேக்கா கடைகளில் சோலார் விளக்கு, பேட்டரி, கொசுவத்தி, புண்ணுக்குப் போடும் மருந்து வாங்கிக் கொடுத்தேன். எல்லாமே பயன்பட்டன. தார்ப்பாயும் கயிறும் திருச்சியில் வாங்கிக்கொண்டான், அதுவும் சரிதான். நாங்கள் யோசிக்காமல் விட்டது மரம் அறுக்கும் மெஷின். விழுந்த மரங்களுக்கு அடியில்தான் வீட்டுக்குப் போகும் பாதை, கொல்லை, மோட்டார் எல்லாம் இருந்தன. அரிவாளை வைத்துக்கொண்டு நான்கு நாள் போராடினார்கள். இன்னொரு முறை வந்தால் முதல் பணத்தை அதற்குத்தான் அனுப்புவேன்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 23 நாள் ஆனது. வண்டியில் ஜெனரேட்டர் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தொட்டி நிரப்பிக் கொடுத்தவர்களுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். வெளியூர்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் முழங்கால் சேற்றில் நின்று கம்பம் நட்டதைப் பற்றி அம்மா இன்றும் பேசுவார். அவர்களுக்கு அண்ணி தினமும் டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்.

140 தென்னையில் ஒன்பது நின்றன. அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஆக 1,100. நல்ல மரம் ஆண்டுக்கு நூறு காய்க்குப் பக்கம் தரும். கன்று வைத்துக் காய்க்கவே ஐந்தாறு வருடம் வேண்டும். அந்தத் தொகை வந்தது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அண்ணனை உடைத்தது வீடு போனதைவிடத் தோப்பு போனதுதான். மூன்று மாதம் அவர் கொல்லைப் பக்கமே போகவில்லை. நாங்கள் வீட்டுக்குத் தேவையான பணத்தை அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தோம். அவரிடம் தோப்பைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றவில்லை. அதற்காக நான் இன்னும் வருந்துகிறேன்.

2019 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எல்லோரும் புதிதாகத் தகரம் வேய்ந்த கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். புயல் நாளில் வெளிநாட்டிலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது, ஊரிலிருந்து மூன்று வேளை, வேளைக்கு ஒரே ஒரு அழைப்பு எனக்கு வரும், மற்றவர்களுக்கு நான் சொல்வேன். அண்ணன் மகளின் பொறுப்பு பவர் பேங்க்கும் டார்ச்சும். கீற்று வீட்டுக்காரர்கள் வெளிச்சத்திலேயே வந்துவிட வேண்டும். கூட்டத்தில் அத்தைதான் கோபித்துக்கொண்டார். தன் அண்ணன் பிள்ளைகளிடம் பேச அனுமதி கேட்க வேண்டுமா என்றார். நோட்டில் 11.20 என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாயி அந்த வருடம் ஆடியில் இறந்துபோனார்.

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடக்கும் என்றார்கள். கொரோனா காலம், நினைத்தாலும் கிளம்ப முடியாது. எங்கள் ஊருக்கு மழையும் சுமாரான காற்றும்தான் என்று செய்தியில் சொன்னாலும் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. சிங்கப்பூர் நேரம் சரியாகப் பதினொன்றரைக்கு மணி அடித்தது. அண்ணன் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

"மாட்டை மதியமே அவுத்தாச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாச்சு. வடக்குக் கதவுக்கு ஆறு மூட்டை, தெக்கு ஜன்னலுக்கு ஆறு மூட்டை தனியா அடுக்கியாச்சு. நீ படு பாப்பா."